நாக்கு நுனியில் பாகற்காய்

மலேசியாவில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. ஒரு சனிக்கிழமை பெற்றோர்களைக் கூட்டி, "வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்" என்று முழங்கினேன். பிறகு பலகையில் நாக்கை வரைந்து, "நுனியில் இனிப்புதான் தெரியும், கசப்பு அடிநாக்கில்தான் தெரியும்" என்றேன்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் செல்வி எழுந்து போய், ஒரு தட்டு நிறைய நறுக்கிய பாகற்காயோடு வந்தாள். ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்தாள்.

"டீச்சர், இங்கயே கசக்குது லா!"

"சரியா வைக்கலம்மா" என்றேன்.

தட்டு எல்லோரிடமும் போனது. இருபது பேர் நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்தார்கள். கடைசித் துண்டு எனக்கு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"நான் சொன்னது தப்பு" என்றேன் ஒருவழியாக.

"பரவால்ல டீச்சர், உங்களுக்கும் யாரோ ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க" என்றாள் செல்வி. அறையே சிரித்தது, நானும்தான்.

பதினோரு வருடம் அந்தப் படத்தை வரைந்திருக்கிறேன். ஒருநாளும் என் நாக்கில் எதையும் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தப்பை ஒப்புக்கொண்ட அந்த ஒரு நிமிடம்தான் அன்று நான் நடத்திய உருப்படியான பாடம் என்று இப்போது படுகிறது.