நாக்கில் வைத்த மாத்திரை

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி, பிள்ளைக்குப் பல் சொத்தையாகாமல் இருக்க ஃபுளோரைடு மாத்திரை ஒரு புட்டி கொண்டுவந்தான். தினம் ஒன்று, வாயில் கரைய வேண்டும். என் ஏழு வயது மகள் ஸ்டெல்லாவோ கடித்துத் துப்பிவிடுவாள். அப்போது அவள் மாதா கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புது நன்மைக்காக ஜெபம் படித்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல சாமியார் நாக்குல வெக்கிற அப்பம் மாதிரி நெனச்சுக்கோ. கடிச்சா பாவம்" என்றேன். அன்றிலிருந்து கைகூப்பிக் கண்மூடி வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிறு மதியம் மீன் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். தெருப்பிள்ளைகள் நாலு பேர் முழங்காலிட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா கையில் காலிப் புட்டி.

"இன்னாடி பண்ணிகினு கீறே?"

"பூசை வெக்கிறேம்மா. பாபுதான் திரும்பத் திரும்ப வந்து வாங்கினான்."

பக்கத்து வீட்டுப் பாபுவுக்கு மூன்று வயது. அங்கேயே வாந்தியெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அவன் அம்மாவும் நானும் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் புட்டியைப் பார்த்ததும் முதலில் பாலைக் குடிக்கவைத்தார். சாயங்காலம்தான் பிள்ளை கண் விழித்துப் பார்த்தான்.

வீடு திரும்பியதும் எல்லோர் எதிரிலும் ஸ்டெல்லாவை அடித்தேன். "நீதானேம்மா சொன்னே" என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுமாதம் புது நன்மையன்று, சாமியார் அப்பத்தை நீட்டியபோது, வாயை இறுக மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது மருந்தை மருந்தென்று சொல்லித்தான் கொடுக்கிறேன்; பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். ஆனாலும் பூசையில் பிள்ளைகள் நாக்கை நீட்டும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

மாத்திரையை அப்பமென்று சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று பாபுவின் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். அதனால்தான் பெயரை மாற்றாமல் எழுதுகிறேன்.