குவியலிலிருந்து எடுத்த கிளினிக் கொப்பி

மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்த பரிசோதனையின் முடிவு அன்றைக்குத் தெரிய வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் இருவருமே வாயில் எடுக்கவில்லை. மூன்று வாரமாக மீன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காலை ஐந்தரைக்கே கிளினிக் கொப்பியைக் குவியலில் வைத்தோம். அங்கே நமக்குப் பதிலாகக் கொப்பிதான் வரிசையில் நிற்கும். கொண்டுபோன தடித்த நாவலில் பதினொரு மணிக்கும் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தேன். பொறுமையைப் பற்றி மேடையில் பேசியவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொன்றரைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கிளினிக்கில் பார்க்கும் அதே டாக்டர் பின்னேரம் நாலு மணிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார். போனிலேயே சனல் பண்ணி, அதாவது காசு கட்டிப் பதிந்து, ஏழாம் நம்பர் எடுத்தேன்.

“இரிங்களன், இன்னும் இருவது பேர்தான்,” என்றாள் மனைவி.

“அந்த இருவது பேரும் முடிய எனக்குப் பென்சனே வந்திரும்.”

கொப்பியைத் திருப்பிக் கேட்டபோது சிற்றூழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எடுத்தா எடுத்ததுதான் அண்ணன். திரும்பக் கொண்டுவந்தா அடியிலதான் வைப்பன்.”

தனியாரில் ஏசி, மெத்தைக் கதிரை, மீன்தொட்டி. நாலாயிற்று, ஐந்தாயிற்று, ஆறாயிற்று. டாக்டர் அவசர ஒப்பரேசனில் நிற்கிறாராம். எங்கே என்றால், நாங்கள் விட்டுவந்த அதே ஆஸ்பத்திரியில். அந்நேரம் மனைவிக்குப் போன் வந்தது. காலையில் ஆஸ்பத்திரி வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொக்கட்டிச்சோலை அக்கா. அவர் பேசினால் போன் தேவையில்லை, எனக்கும் கேட்டது.

“எங்க கா போனீங்க? ஒரு மணிக்கே எல்லாரையும் பாத்து முடிச்சிற்றார். நான் வீட்ட வந்து சோறும் ஆக்கிற்றன்.”

ஆறே முக்காலுக்கு டாக்டர் வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“றிப்போட் எங்க?”

அது அவருடைய தலைக்குள் இருக்கும் என்றல்லவா நான் அவ்வளவு நேரமும் நம்பியிருந்தேன்!

“அது கிளினிக்குக்குத்தான் வந்திருக்கும் ஐயா. காலையில இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருப்பன். அடுத்த செவ்வாய் அங்கயே வாங்க.”

அந்த வாரம் வீட்டில் மீன் விலைகூடப் பேச்சில் வரவில்லை.

அடுத்த செவ்வாய் என்னை ஆஸ்பத்திரி மதிலோரம் இருக்கச் சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள்.

“ஒண்டுமில்லையாம். சும்மா கட்டிதானாம்.”

ஏதோ பகிடியாகச் சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாதீங்க,” என்றாள். “ஒரு நிமிசத்தில சொல்லிற்றார். ஒரு நிமிசம்! அதுக்கு ஏழு நாள் நான் நித்திரை கொள்ளல்ல.”

நானும் கொள்ளவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.