பெயர் சொல்லாமல் வாசித்த ஜெபக் குறிப்பு

எங்கள் மாடி வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாள். எனக்கு எரிச்சல் ஆரம்பித்ததே அதில்தான். பாத்திரம் தேய்க்கும்போது யாராவது பாடுவார்களா? நான் தேய்க்கும்போது என் வாயிலிருந்து வருவதே வேறு. "காப்பி குடிச்ச டம்ளர்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சா கை தேஞ்சா போயிடும்?" என்று தொடங்கினால் கடைசி கரண்டி வரைக்கும் ஓயமாட்டேன். மேலே கீர்த்தனை, கீழே இது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து ஒன்றும் அவ்வளவு அகலம் இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவள் புருஷனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. காலை ஆறரைக்குத் தெருமுனையில் கேப் வந்து நிற்கும். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான், வேறொரு கம்பெனியில் கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை. நாங்கள் கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப். ஆட்கள். எங்கள் பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். அவளோ "அக்கா, அக்கா" என்று பேசினாலே எல்லாரும் மயங்கிப் போவார்கள். அவளை முதன்முதலில் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். வினையை நானே ஆட்டோ வைத்து அழைத்துப் போயிருக்கிறேன்.

ஏழாவது படிக்கிற என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மாடிக்கு ஓடுவாள். "அவங்க வீட்டு தோசை மொறுமொறுன்னு இருக்கும்மா" என்று ஒரு நாள் சொன்னாள். "அப்போ அங்கேயே போய்க் கிட" என்றேன். அவளும் சரியென்று போய்விட்டாள். பெற்ற வயிறு எரியுமா எரியாதா?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமையைத்தான் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் சர்ச்சில் பெண்கள் கூடி ஜெபம் பண்ணுவோம். வருகிறவர்கள் தங்கள் கவலையைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். அதை ஜெபக் குறிப்பு என்போம். அந்தச் சீட்டுகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பது என் பொறுப்பு. ஒன்று வாசித்ததும் எல்லாரும் "ஸ்தோத்திரம்" சொல்லி அதற்காக ஜெபிப்போம். பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம். "ஒரு சகோதரியின் மகனுடைய குடிப்பழக்கம் மாற" என்று மட்டும்தான் வாசிக்க வேண்டும். ஆனால் மொத்தமே இருபது பேர். ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சகோதரி யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது தெரிந்தேதான் ஒன்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மாடி வீட்டுக்காரி எழுந்து நின்று ஒரு விஷயம் சொன்னாள். காலையில் புருஷனுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டுவாளாம். ஒவ்வொரு மூடியையும் அழுத்தும்போது அவரைப் பற்றி ஒரு நல்ல காரியத்தை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்வாளாம். நாலு டப்பா, நாலு நன்றி. "அதனால எனக்கு அடுப்படி வேலை வேலையாவே தெரியலக்கா" என்றாள். கூட்டமே "ஆமென்" என்று நெகிழ்ந்து போயிற்று. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பதினெட்டு வருஷமாக டப்பா மூடுகிறவள். சாம்பார் ஒழுகாமல் இருந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை காலை நானும் செய்து பார்த்தேன். பக்தியில் ஒன்றுமில்லை, போட்டியில்தான். முதல் மூடி: வீட்டுக்காரர் குடிக்கிறதில்லை, நன்றி. இரண்டாவது: குறட்டை விட்டாலும் வெளியே எங்கும் தங்குகிறதில்லை, நன்றி. மூன்றாவதற்கு என்ன சொல்வதென்று யோசித்தபோது, எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவர் ரசம் வைக்கிறேன் என்று புளியைக் கரைக்காமல் அப்படியே உருண்டையாகப் போட்டது ஞாபகம் வந்தது. தனியாக நின்று சிரித்தேன். "இன்னாடி சிரிக்கறே?" என்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். அவரை ஏற்றிப் போகிற கேப்புக்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் சிரித்தோம். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. அவள் சொன்னது பலித்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

வருஷத்தில் ஒரு ஞாயிறு பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு ஆராதனை முழுக்கப் பெண்கள் கையில். பிரசங்கம் மட்டும் எப்போதும் பாஸ்டரம்மாதான் பண்ணுவார். இந்த வருஷம் அவரே, "வீட்டுக்குள்ள கிடைக்கிற சந்தோஷத்தைப் பத்தி, வீட்டைப் பார்த்துக்கிற ஒருத்தங்களே பேசட்டும். யாருன்னு அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தமாதிரி இருந்தது. பதினொரு வருஷமாக அந்த சர்ச்சில் பெருக்கியிருக்கிறேன், டீ போட்டிருக்கிறேன், வேத பாடம் வாசித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை அங்கே மேலே ஏறி நின்று பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. வெளியே சொன்னதில்லை. அந்த வாரம் மாவு ஆட்டும்போதும் துணி அலசும்போதும் மனசுக்குள் பிரசங்கம்தான் ஓடிற்று. எந்தப் புடவை கட்டுவதென்றுகூட முடிவு பண்ணிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். மாடி வீட்டுக்காரி அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் பிழிந்த சட்டை, ஆனால் உதறவில்லை. "என்னம்மா?" என்றதும் உடைந்துவிட்டாள்.

"அவிய எங்கூட பேசி மூணு வாரம் ஆச்சுக்கா. சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாராவ, சாப்பிடுதாவ, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்துருதாவ. ஏதாவது கேட்டா தலைய மட்டும் ஆட்டுதாவ."

"நீ பாடிக்கிட்டேதானம்மா இருக்கே?"

"பாடலேன்னா வீடு ஒரேயடியா அமைதியா கெடக்குக்கா. அம்மாகிட்ட சொன்னா பயந்துருவாவ. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சீ, நான் போய்ச் சொல்லுவேனா?" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த இடத்தில் என் மனசு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படியிறங்கி வரும்போது என் வீட்டுக்காரர் சோபாவில் போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டுகூட அன்றைக்கு எனக்கு அழகாகத் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாட்டு முடிந்ததும் பாஸ்டரம்மா எழுந்தார். "அந்த நாலு டப்பா, நாலு நன்றியை என்னால மறக்கவே முடியல. அதனால பெண்கள் ஞாயிறு அன்னைக்கு நம்ம தங்கச்சியே பேசட்டும்" என்று மாடி வீட்டுக்காரியைக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, ஒரு நாள் துடைப்பம் எடுத்ததில்லை, புருஷன் பேச்சுக்கூட இல்லாத வீடு. இவள் சொல்லப் போகிறாளாம் சந்தோஷத்தைப் பற்றி!

அடுத்து நான் நோட்டை வாசிக்க வேண்டிய நேரம். டப்பாவில் ஏழு சீட்டுகள் இருந்தன. ஏழையும் வாசித்தேன். எட்டாவதுக்குச் சீட்டு இல்லை. நோட்டில் வெறும் கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். "நம்ம பகுதிக்குப் புதுசா வந்திருக்கிற ஒரு சகோதரி. கணவர் அவங்களோட பேசுறதில்லை. அந்த வீட்டில் சமாதானம் உண்டாக."

பெயர் சொல்லவில்லையே! சட்டத்தை மீறவில்லையே!

உடனே யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மா கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். புதிதாக வந்தவள் அங்கே ஒருத்திதான். கடைசியில் ஒரு குரல் மட்டும் "ஸ்தோத்திரம்" என்றது. அது அவள் குரல்.

ஜெபம் முடிந்ததும் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்தாள். ஒருத்தி, "அவரை ஒரு நாள் சர்ச்சுக்குக் கூட்டிட்டு வாம்மா, பாஸ்டர் பேசுவார்" என்றாள். அவள் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, நான் வருவதற்குள் தனியாக ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பாஸ்டரம்மா போன் பண்ணினார். "அந்தப் பிள்ளை தன்னால முடியாதுன்னு சொல்லிட்டா. பாவம், வீட்ல இப்படி இருக்கும்போது நாமும் வற்புறுத்தக் கூடாது. நீங்களே பேசுங்க சிஸ்டர்" என்றார். ஒரு பேச்சுக்காவது வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். "சரிங்கம்மா" என்று உடனே சொன்னேன்.

லீவில் வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் என்ன விஷயமென்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பொண்ணே சீட்டு எழுதிப் போட்டுச்சா?" என்றார். "தோசைக்குச் சட்னியா, பொடியா?" என்றேன். அவருக்கு என்னைத் தெரியாதா? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். டீ கொண்டு போனால் வாங்கிக்கொண்டார். துணியை மடித்துக் கொடுத்தால் எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு பகல்தான். அதற்கே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிக்சியைச் சும்மா ஒரு தடவை ஓடவிட்டேன், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டுமே என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, இதை மூன்று வாரமாக அவள் தாங்கிக்கொண்டிருந்தாளே! என்னை நம்பித்தானே சொன்னாள்!

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தாள். நான் அழுதேன். "சீட்டே இல்லம்மா. பொறாமையில நானாத்தான் வாசிச்சேன். என்னை மன்னிச்சுடு. பாஸ்டரம்மாகிட்ட நானே சொல்றேன், நீயே பேசு."

"வேண்டாங்க்கா" என்றாள். "இனி நான் அங்கன நின்னு சந்தோஷத்தப் பத்தி என்ன பேசினாலும் கேக்குதவங்களுக்கு எங்க வீடுதான ஞாபகம் வரும்? ஒங்கள மன்னிச்சுட்டேன். லேசா வரல. ரெண்டு நாளா முழங்கால் போட்டுத்தான் வந்துச்சு." சொல்லிவிட்டுக் கீரையை எடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்ற பிறகு என்னைத் திட்டவும் அவளுக்கு வழியில்லை, அழவும் எனக்கு வழியில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பெண்கள் ஞாயிறு வந்தது. முடிவு பண்ணி வைத்திருந்த அதே புடவையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறி நின்றேன். "நான் பேசறது என்னுடையது இல்லை, ஒரு சகோதரி சொல்லிக் கொடுத்தது" என்று ஆரம்பித்து, அந்த நாலு நன்றியையும் நான் மூடிய மூடிகளையும் சொன்னேன். புளி உருண்டையைச் சொன்னபோது சர்ச்சே சிரித்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. எட்டாவது சீட்டையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததும் தைரியம் வரவில்லை. சொல்லாமலேயே இறங்கினேன்.

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்து நல்லா பேசினீங்க என்றார்கள். எத்தனையோ வருஷம் ஆசைப்பட்ட வார்த்தை. ஒன்றும் காதில் ஏறவில்லை. என் கண் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் குழாயடியில் நின்றிருந்தாள். அங்கே டம்ளர் கழுவுகிற ஒரு அம்மா உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவர், டப்பாவில் ஒரு சீட்டும் போடாதவர். மாடி வீட்டுக்காரி அந்த அம்மா பக்கத்தில் குனிந்து நின்று, டம்ளரைத் துடைத்துக்கொண்டே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. சொல்லும்போதே நடுவில் சிரிக்கவும் செய்தாள். அந்த அம்மா கையை நிறுத்தாமல் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. "எப்படிம்மா இருக்கே? அவர் இப்ப பேசறாரா?" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தாள். "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்க்கா."

சர்ச் வாசலில் யார் யாரைக் கேட்டாலும் சொல்கிற பதில் அது. பிடிக்காத சொந்தக்காரர்கள் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். சரிம்மா என்று திரும்பி நடந்தேன். எனக்குப் பின்னால் அவள் குரல் மறுபடி மெதுவாகத் தொடங்கியது, அந்த அம்மாவும் உம் கொட்டினார். பிரசங்கம் அவளுக்குக் கிடைத்தபோதுகூட எனக்கு இப்படி எரிந்ததில்லை.