மீசை அழவில்லை

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்புக்கு வீடியோ டேப் வாடகைக்குக் கொண்டுவந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழிய வாரிய தலை, சட்டைப் பையில் சீப்பு. சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளை வாசல் கேட்டருகே நிறுத்தி, டேப்பைச் சட்டையில் துடைத்து என் மனைவியிடம் நீட்டுவார். படங்களைப் பற்றி ஏதோ பேசிக்கொள்வார்கள். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு வயிறு எரியும். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர், "வீடியோக்காரர் சொன்னதக் கேட்டீங்களா? ஹீரோ அழுறாராம், மீசை அழலயாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். டேப்பை நானே திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன பாஸ், எல்லாப் படத்தையும் பாத்துடுவீங்களோ?" என்றேன் குத்தலாக.

"எங்க வீட்ல வீடியோவே இல்ல அண்ணே. டேப்பத் திருப்பிக் குடுக்குறப்ப அக்கா சொல்றதத்தான் அடுத்த வீட்ல சொல்றேன். அந்த மீசை ஜோக்கும் அவங்க சொன்னதுதான்லா." சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லலயா?"

"சொன்னாளே," என்றேன்.

சொல்லியிருப்பாள்தான். பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் 'ம்' கொட்டியிருப்பேன்.

அவர் மோட்டாரை உதைத்துக் கிளம்பினார். அன்றுதான் அவர்மேல் எனக்கு அசல் பொறாமை வந்தது. இன்னும் தீரவில்லை.