ஆயில் நட்டும் நொறுங்கிய விரல்களும்

பட்டறையில் அவனுக்குக் கரடி என்று பெயர். வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். தங்கச்சியின் கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் பல்லை உடைத்தவன். அதன்பின் அவள் இவன் வாசலை மிதிக்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சூடான ஆயிலை வடித்துக்கொண்டிருந்தான். யாரோ காலைப் பிடித்து வெடுக்கென்று வெளியே இழுத்தார்கள். தட்டு கவிழ்ந்து ஆயில் மார்பில் கொட்டியது. அலறிக்கொண்டு எழுந்தவன் மூக்கில் ஒரு குத்து விழுந்தது.

போன வாரம் ஆயில் மாற்றிக்கொண்டு போன வேன்காரர்.

“நீ மாட்டுன நட்டு ஒழுகி என் வீட்டு வாசல் பூரா ஆயில்டா! வழுக்கி விழுந்து என் தம்பி மண்டை உடைஞ்சு கிடக்கான்!”

“நான் சரியாத்தான்யா மாட்டினேன்!”

வேன்காரர் இரும்புக் குழாயை எடுத்து ஓங்கினார். கரடி ஸ்பானரால் அந்தக் கையிலேயே போட்டான். விரல்கள் நொறுங்கின. விழுந்தவரை உதைத்தான், மறுபடியும் உதைத்தான். சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி பாத்திரத்தைப் போட்டுவிட்டு, பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

“கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிட்டா, பிள்ளைங்கள யாரு பாக்கிறது?”

அவளே ஓர் ஆட்டோ பிடித்து வேன்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பட்டறை வாசலில் அவர் ஓட்டிவந்த வேன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெந்த மார்பில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கரடி அதன் அடியில் புகுந்தான். நட்டின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. ஒழுகுவதைக் கண்டு வேன்காரர் தானே முரட்டுத்தனமாக முறுக்கியதில் மரை அறுந்திருந்தது.

“பெரிய மேதாவி!” என்று காறித் துப்பினான்.

நட்டைக் கழற்றி, அதிலிருந்த செப்பு வாஷரைத் துடைத்தான். நசுங்கிப்போன பழைய வாஷர். புதிது போடச் சோம்பல்பட்டு அதையே மாட்டியது அவன்தான். முதல் சொட்டு அங்கிருந்துதான் விழுந்திருக்கிறது.

பிறகு புதிதாக மரை வெட்டி, சற்றுப் பெரிய நட்டைப் புது வாஷரோடு இறுக்கினான். ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டான். ஒரு சொட்டுகூட இல்லை. அதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வராந்தாவில் நின்ற வேன்காரர் மனைவியிடம் சாவியை நீட்டினான். “வாஷர் பழசும்மா. நான்தான் மாத்தல.”

பளாரென்று அறைந்தாள். அவன் கை தானாக உயர்ந்தது. பல்லைக் கடித்துக் கீழே இறக்கினான். இன்னொன்றும் விழுந்தது.

“தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?”

“இப்பத்தான் கண்ணு முழிச்சான். போலீஸ் வருது. ஓடிப் போயிடாதே.”

“போகல” என்று சொல்லிவிட்டுக் கரடி பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டை மார்போடு ஒட்டி எரிந்தது.