பஞ்சுக்காலும் எரியாத பிரேக் விளக்கும்

டாக்ஸி ஸ்டாண்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஞ்சுக்கால் என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதையாகப் பஞ்சக்கா என்பார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். அவள் பிரேக் மிதித்தால் வண்டி நின்றது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறலாம், துணி நனையாமல் இறங்கலாம் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். பாதி கேலி, பாதி பொறாமை.

அந்தக் கால் பிறவியிலேயே வந்ததல்ல. லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒரு கேக் கடையில் வேன் ஓட்டப் போனாள். அடுக்கடுக்கான கேக், அதன் தலையில் க்ரீம் ரோஜாக்கள். சடாரென்று பிரேக் போட்டால் ரோஜா சாய்ந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் கடைக்காரம்மாவுக்குத் தகவல் வந்துவிடும். அந்த அம்மா கத்த மாட்டார். சாய்ந்த ரோஜாவைப் போலவே தன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு நாலு திட்டு வாங்கியிருந்தால் தேவலை. ஆகவே அவள் தூரத்துச் சிக்னலை இங்கிருந்தே படிக்கக் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் பக்கத்தில் போய் மிதிப்பதை, அவள் எங்கோ பின்னாலிருந்தே பெடலைத் தொட்டும் தொடாமலும் ஆரம்பித்துவிடுவாள்.

சொந்தமாகக் கார் வாங்கிய பிறகு ரோஜாக்களின் இடத்தில் நோயாளிகள் வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்கு அலைகிறவர்கள். கிளினிக்கே ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, "அந்த மெதுவா ஓட்டுற அம்மாவை அனுப்புங்க" என்று கேட்கும். அவர்களில் கணக்கு டீச்சர் நிரந்தரம். ரிட்டயர் ஆனவர், முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர். பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி, கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். கிளினிக் வாசலில் வண்டி நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறப்பார்.

"ஏம்மா, இன்னும் கிளம்பலையா?"

"இறங்குங்க டீச்சர். வந்தாச்சு."

தினமும் இதே பேச்சு. தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து முட்டியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஸ்கூட்டர் பையன் எழுந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"என்னக்கா நீங்க, பிரேக் போட்டா லைட் எரிய வேணாமா?"

அவள் நேராக அக்கா வீட்டுக்காரரின் பட்டறைக்குப் போனாள். அவர்தான் அந்தத் தெருவுக்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன். சுவரெல்லாம் வயர் வளையங்கள், மேஜையெல்லாம் பல்புகள். பிரேக் விளக்கைச் சோதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மிதிக்கிறவருக்கு விளக்கு தெரியாது, விளக்கைப் பார்க்கிறவருக்குக் கால் எட்டாது. முன்பெல்லாம் மிதிக்கிற வேலையை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "அமுக்கு! விடு! அமுக்குன்னா அமுக்கணும்!" என்று அவர் பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் ஒரு நாள் காரை விட்டு இறங்கி, "உங்களுக்கு வேற கால் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து அவருக்கு ஒரு துடைப்பக் கட்டைதான் துணை. இரண்டு முனையிலும் ரப்பர் சுற்றியது. ஒரு முனையைப் பெடலிலும் மறு முனையை சீட்டிலும் முட்டுக் கொடுத்துவிட்டு, ஹாயாகப் பின்னால் போய்ப் பார்ப்பார். அதற்கு அசிஸ்டன்ட் என்று பெயர் வைத்திருந்தார்.

"லீவு கேக்காது, எதிர்த்துப் பேசாது" என்று தையல் மெஷினுக்குக் கேட்கும்படி சொல்வார்.

அன்றும் அசிஸ்டன்டை முட்டுக் கொடுத்தார். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. பின் கண்ணாடிக்கு மேலிருந்த சின்ன விளக்கும் எரிந்தது.

"பாத்துக்கோ மச்சினிச்சி. கல்யாண வீடு மாதிரி எரியுது."

"அந்தப் பையன் எரியலைன்னு சொன்னானே மாமா."

"வந்து முட்டினவன் வேற என்னத்தைச் சொல்வான்?"

ஆனாலும் அவர் வேலையில் சோம்பேறி இல்லை. பல்புகளைக் கழற்றிப் பார்த்தார், ஹோல்டரில் துரு இருக்கிறதா என்று சுரண்டினார், ஃப்யூஸைப் பார்த்தார், எர்த் வயரை இழுத்து முறுக்கினார். எல்லாம் சரி.

"பிரேக் சுவிட்சு மாமா?"

"சுவிட்சா? போன மாசம் நானே மாட்டினது. அதுல குறை வந்தா சூரியன் மேற்கே உதிக்கும்."

சூரியன் கிழக்கேதான் உதித்தது. அதே வாரத்தில் இன்னொரு இடி. இந்த முறை பின்னால் வந்தது கார். அவள் வண்டியில் டீச்சர் இருந்தார். லேசான இடிதான், பம்பரில் ஒரு கீறல். ஆனால் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டின் விளிம்பைப் பிடித்தார். முகம் வெளுத்துப்போயிற்று. கிளினிக் போய்ச் சேர்ந்ததும் வழக்கமான கேள்வி வரவில்லை. அது பஞ்சுக்காலை இடியைவிட அதிகமாக உலுக்கியது.

இடித்த காரின் ஓட்டுநரும் அதையேதான் சொன்னார். விளக்கு எரியவில்லை. மறுபடி பட்டறை, மறுபடி அசிஸ்டன்ட், மறுபடி கல்யாண வீடு.

ஸ்டாண்டு செயலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய மீசை, சின்னக் குரல்.

"பஞ்சு, கிளினிக்ல இருந்து கேக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. நான் என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா கிளினிக் சவாரியை வேற வண்டிக்கு விட வேண்டியதுதான். எனக்கும் வேற வழி தெரியலை."

"விளக்கு பட்டறையில எரியுதுண்ணே. ரோட்ல எரிய மாட்டேங்குது."

"அப்ப பட்டறையிலேயே ஓட்டு" என்றான் பக்கத்திலிருந்த ஒருவன். செயலாளர் அவனை முறைத்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு என்ன தோணுதுன்னா, நீ பிரேக்கே போடறதில்ல. சும்மா உருட்டிக்கிட்டே வந்து நிறுத்திடறே. மத்தவங்க மாதிரி நாலு தடவை நல்லா அழுத்தி மிதியேன். என்ன கெட்டுப்போகும்?"

அக்கா வீட்டிலும் அதே பாட்டு. மாமா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல், "என் வேலையில தப்பில்ல, உன் ஓட்டுல பாரு" என்றார். அக்கா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து யார் பக்கமும் பேசாமல் மோர் ஊற்றினாள்.

பஞ்சுக்காலுக்குத் தன் காலைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. தெரியாத விஷயங்கள் அவளுக்கு எத்தனையோ உண்டு, அதையெல்லாம் ஒப்புக்கொள்வாள். ஆனால் எந்த நேரத்தில் கால் பெடல் மேல் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத் தன் மூச்சு மாதிரி தெரியும். இருந்தாலும் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சவாரியில், சரி, இவர்கள் சொல்வதையும் செய்துதான் பார்ப்போமே என்று ஒரு திருப்பத்தில் எல்லோரையும் போல அழுத்தி மிதித்தாள்.

"அம்மாடி!" என்றார் டீச்சர். "யாரும்மா ஓட்டுறது இன்னைக்கு? உன் தங்கச்சியா?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர். இனிமே இல்ல."

அதோடு அந்த யோசனையைத் தலைமுழுகினாள். காலை மாற்றிக்கொண்டு இந்தச் சவாரியைக் காப்பாற்றினால், காப்பாற்றி என்ன பயன்? டீச்சர் தேடி வந்ததே இந்தக் காலைத்தான்.

அன்று கிளினிக் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. டீச்சரை இறக்கிவிட்டதும் காவலாளி அவளை அடித்தளப் பார்க்கிங்குக்குப் போகச் சொன்னார். அவள் அங்கே போனதே இல்லை. மங்கலான இடம், புதிதாக வெள்ளையடித்த சுவர். பின்பக்கமாக வண்டியை உள்ளே விட்டாள். ரிவர்ஸ் விளக்கின் வெளிச்சத்தில் சுவர் வெள்ளையாக நெருங்கி வந்தது. தன் வழக்கப்படி பெடலைத் தொட்டாள். வண்டி அடங்கியது, நின்றது.

சுவர் வெள்ளையாகவே இருந்தது.

கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். வெள்ளைதான். இன்னும் கொஞ்சம். சுவர் குபீரென்று சிவந்தது. காலைத் தளர்த்தினாள், சிவப்பு போயிற்று. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். யாருமில்லாத அந்தப் பார்க்கிங்கில் வாய்விட்டுச் சிரித்தாள்.

டீச்சரை வீட்டில் விட்டுவிட்டு நேரே பட்டறை. பட்டறை வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். அந்தச் சரிவிலேயே வண்டியை நிறுத்தினாள், கீழே இறங்கவில்லை.

"மாமா, அசிஸ்டன்டுக்கு இன்னைக்கு லீவு குடுங்க."

"ஏன், சங்கம் கிங்கம் வச்சிருக்கியா அதுக்கு?"

"பின்னாடி போய் நில்லுங்க. நான் மிதிக்கிறேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். "ம், மிதி."

விளக்கு எரியவில்லை.

"மிதிம்மா."

"மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"விளையாடாதே. வேலை கிடக்கு."

"மாமா, வண்டி சரிவுல நிக்குது. கியர்ல இல்ல, ஹேண்ட்பிரேக்கும் போடலை. எது புடிச்சு வச்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

தையல் மெஷின் சத்தம் நின்றது. அக்கா கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்து, முன் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கியர் சும்மாதான் இருக்கு. ஹேண்ட்பிரேக் கீழ இருக்கு. இவ கால்தான் புடிச்சிருக்கு."

மாமா சக்கரத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். குனிந்து மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். ஒரு மனிதர் தன் வேலையைத் தானே சந்தேகப்படுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ, அவ்வளவு நேரம் அங்கேயே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் மிதி" என்றார். எரிந்தது. "விடு." அணைந்தது. "அட" என்றார்.

ஹேண்ட்பிரேக்கைப் போடச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். குரல் உள்ளேயிருந்து வந்தது.

"பெடல் மேல வந்து நிக்கறப்ப சுவிட்சோட இந்தக் குமிழை அழுத்திக்கிட்டு இருக்கும். அதுவரைக்கும் விளக்கு எரியாது. பெடல் இறங்கினா குமிழ் வெளிய வரும், விளக்கு எரியும். சுவிட்சை நான் உள்ள ரொம்பத் திருகிட்டேன். பெடல் பாதி தூரம் போனாத்தான் குமிழே வெளிய வருது."

"என் கால் அந்தப் பாதிக்குப் போறதே இல்ல."

"குச்சி முழுசாப் போகுது. நான் குச்சியைத்தானே கேட்டேன்."

"எதிர்த்துப் பேசாத அசிஸ்டன்ட்" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம்தான் வந்தது. லாக் நட்டைத் தளர்த்தி சுவிட்சை வெளியே திருகினார்.

"இப்ப பாரு. எரியுதா?"

"எரியுது" என்று பின்னால் போய் நின்றிருந்த அக்கா சொன்னாள். "ஆனா அவ இன்னும் மிதிக்கவே இல்லையே."

"ஓட்டறப்பவும் நிக்கறேன்னே சொல்லிக்கிட்டுப் போகவா மாமா?"

"இரு, இரு." ஒரு பொட்டு உள்ளே திருகினார். "இப்ப உன் காலை வை. உன் கால், புரியுதா? குச்சிக் கால் இல்ல."

அவள் வைத்தாள். அக்கா, "எரிஞ்சுது" என்றாள். எடுத்தாள். "அணைஞ்சுது." ரோஜா சாயாத அளவுக்குத் தொட்டாள். "எரிஞ்சுது!" அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. மாமா அந்த இடத்தில் நட்டை இறுக்கிவிட்டு, தலைமுடியெல்லாம் தூசியாக வெளியே வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ரம்பத்தை எடுத்து அசிஸ்டன்டின் நுனியைக் கொஞ்சம் அறுத்தார்.

"என்ன மாமா தண்டனை இது?"

"தண்டனை இல்ல. இனிமே ரெண்டு கட்டை, ரெண்டு அளவுல வச்சுக்கப் போறேன். ஒண்ணு ஊருக்கு, இது உனக்கு."

சனிக்கிழமை காலை டீச்சரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது செயலாளரின் வண்டி பின்னால் தயாராக நின்றது. கண்ணால் பார்க்க வேண்டும் என்றாரே, வழியெல்லாம் பார்க்கட்டும் என்று அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். சிக்னலுக்கு வெகு முன்னாலேயே அவள் பெடலைத் தொட்டாள். கண்ணாடியில் செயலாளரின் வெள்ளை பானெட் இளஞ்சிவப்பாக மாறியது. அவர் வண்டி அடங்கிப் பின்தங்கியது. அடுத்த திருப்பத்திலும், அதற்கடுத்த பள்ளத்திலும் அதேதான். அவள் காலில் எந்த மாற்றமும் இல்லை.

கிளினிக் வாசலில் செயலாளர் இறங்கி ஓடி வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"என்ன பஞ்சு, வழி முழுக்க எரிஞ்சுக்கிட்டே வந்துது! இவ்வளவு பிரேக்கா போடறே நீ?"

"எப்பவும் இவ்வளவுதாண்ணே. இப்பதான் உங்களுக்குத் தெரியுது."

"அப்ப கிளினிக்குக்கு நானே சொல்லிடறேன். சவாரி உன்னோடதுதான்."

மீசையைத் தடவிக்கொண்டே அவர் ரிசப்ஷனுக்குப் போனார். பஞ்சுக்கால் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பின் சீட்டில் தலையணைகள் மெல்ல அசைந்தன.

"ஏம்மா" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கிளம்பலையா?"