முத்தத்துக்குப் பிறகும் 'நீங்க'

காரைக்குடியில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். போன வருஷம் சென்னை டப்பிங் கம்பெனி ஒன்று, ஆறு பாக மாயாஜால நாவல் வரிசையிலிருந்து எடுத்த தொடரை அனுப்பியது. அந்த ஆறையும் என் கணவர் மூன்று முறை படித்திருக்கிறார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். ஆனால் டிராகன் நெருப்புக் கக்குவதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

கதையில் ஒரு வாள்காரி, ஒரு வைத்தியன். எதிரி நாட்டுக்காரர்கள். புத்தகத்தில் இருவரும் கையைத் தொடவே நாலாம் பாகம் வரவேண்டும். திரையில் இரண்டாவது எபிசோடிலேயே ஒரு குகை, மழை, முத்தம். எட்டு நிமிஷத்தில் ஆயிரத்தைந்நூறு பக்கம் காலி.

ஆங்கிலத்துக்கு இதில் கஷ்டமில்லை. முத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே 'யூ'தான். எனக்குத்தான் 'நீங்க'வா 'நீ'யா என்ற தலைவலி. முத்தமே கொடுத்தாகிவிட்டது, இனி என்ன மரியாதை என்று வாள்காரிக்கு அடுத்த வரியிலிருந்து 'நீ' போட்டேன்.

காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்த கணவர், டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்தார்.

“ஒரு முத்தம் குடுத்துட்டா வா, போன்னு ஆயிருமா? அவ எப்படிப்பட்டவ தெரியுமா ஒனக்கு?”

“படமே அவசரப்படுது. நான் என்ன செய்ய?”

“நீயாவது நிதானமா இரு. நம்ம கல்யாணமாகி என்னைய எப்ப 'நீ'ன்னு சொன்ன?”

“எப்ப சொன்னேன்?”

“மூணாவது மாசம். திருப்பத்தூர் பஸ்ல. முண்டியடிச்சு ஏறி எடம் பிடிச்சிட்டு, 'ஏய், இங்குட்டு வா, சீட்டு இருக்கு'ன்னு கத்துன. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு.”

எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. அதுவரை 'வாரீகளா, சாப்பிடுறீகளா' என்றுதான் பேசினேனாம். இதைப் போய் மனுஷன் இத்தனை வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெருமையாகவும்தான்.

அன்றைக்கே அவள் பேச்சிலிருந்த 'நீ'யை எல்லாம் அழித்தேன். ஏழாவது எபிசோடில் கோட்டை இடியும்போது அவள் அவனைப் பார்த்துக் கத்துகிறாள். அங்கே முதல்முறையாக “ஏய், இங்குட்டு வா!” என்று எழுதினேன்.

கம்பெனி மேற்பார்வையாளர் போன் செய்தார்.

“மேடம், முத்தம் குடுத்துட்டு யாராவது 'நீங்க'ன்னு சொல்வாங்களா?”

“எங்க ஊர்ல பாதிப் பேர், ரெண்டு பிள்ளை பெத்த பிறகும் அப்படித்தான் சார்.”

அவர் 'நீங்க'வை அப்படியே விட்டுவிட்டார். 'இங்குட்டு' மட்டும் 'இந்தப் பக்கம்' ஆனது.

தொடர் வெளியானதும், 'முத்தம் குடுத்துட்டு நீங்கவாம், அவன் என்ன ஸ்கூல் வாத்தியாரா?' என்று இணையத்தில் ஒருவர் கேலி செய்தார். என் கணவர் புனைபெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, வாள்காரியின் மனசைப் பற்றிப் பாகம், அத்தியாயம் குறிப்பிட்டு ஐந்து பத்திக்குப் பதில் எழுதினார். 'இதைப் புரிந்துகொண்ட, முகம் தெரியாத அந்த வசனகர்த்தா வாழ்க' என்று முடித்திருந்தார்.

இப்போது இரண்டாவது சீசன் கைக்கு வந்திருக்கிறது. புத்தகத்தில் கடைசிவரை உயிரோடு இருக்கிற வைத்தியனை மூன்றாவது எபிசோடிலேயே கொன்றுவிட்டார்கள். இது தெரியாத கணவரோ மறுபடியும் ஐந்தாம் பாகம் படிக்கிறார். அதில்தான் இருவருக்கும் கல்யாணமாம்.

“இத எப்படி எடுத்திருப்பாய்ங்க?” என்று நேற்று ஆசையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் எடுத்திருப்பாக” என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.